நான்கரை மில்லிமீட்டர்

செப்டம்பர் 9, திங்கள்

என் அருமை வாத்துக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கு நாளாக டிவியில் கோல்ஃப் போட்டியில் உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மூக்கு சிவந்திருந்தது. சளியா, அழுகையா? எட்டாவது குழியில் நீ செய்த காரியத்துக்கு அழுகை என்றால் நியாயம்தான்.

போனில் பேசினால் சண்டை வருகிறது என்று போன வருடம் கடிதத்துக்கு மாறினோமே, நல்லதாகப் போயிற்று. இப்போதும் சண்டை வருகிறது, ஆனால் நாலு நாள் கழித்து வருகிறது. நீ அனுப்பிய ஓட்டல் பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நீ அடுத்த ஊருக்குப் போய் இறங்கும்போது இந்தக் கடிதம் உனக்கு முன்னாலேயே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும்.

சரி, போட்டிக்கு வருவோம். அந்த மரங்கொத்தி இருக்கிறாளே, பந்தை அடிப்பதற்கு முன் மட்டையால் தரையை ஒன்பது தடவை தட்டுகிறாள். உன் மாமா பத்து என்கிறார். "ஆட்டம் ஆரம்பிச்சா எழுப்பு" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் குறட்டை விடுகிற மனிதருக்கு எண்ணிக்கை எப்படித் தெரியும்? ஒன்பதுதான். திரைக்கு அடியில் 'விதிமீறல் கண்டால் எழுதுங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் முகவரி ஓடுகிறதே, அதற்கு அவளைப் பற்றி எழுதலாமா என்று பார்த்தேன். தரையைத் தட்டுவது குற்றமில்லையாம். என்ன விளையாட்டோ.

ஜெயித்தது கொக்கு. ஒற்றைக் காலில் நிற்காத குறையாக அசையாமல் நின்று, கடைசிக் குழியில் பந்தை இருபதடி தூரத்திலிருந்து தரையோடு உருட்டி, ஒரே 'பட்'டில் உள்ளே தள்ளிவிட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் என் கை தட்டியது. என் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

இனி நீ. முப்பத்தெட்டாவது இடம். ஐந்தடி பட் நான்கைத் தவறவிட்டாய். ஏன் என்று உன் பயிற்சியாளருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே உன் தலை நிமிர்கிறது, பன்னிரண்டு மில்லிமீட்டர். சிரிக்காதே. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக மனிதர்களின் கண்மணிக்கும் கண்மணிக்கும் இடையே அளந்துகொண்டிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அவர்களுக்குத் தலைவலி, எனக்கு முதலாளியிடம் வசவு. பந்து குழிக்குள் விழும் சத்தம் காதில் கேட்கும்வரை நீ தலையைத் தூக்கக் கூடாது. விழாவிட்டால் தூக்கவே தூக்காதே, அப்படியே வீட்டுக்கு வந்துவிடு.

உன்னை டிவியில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிவதில்லை என்று எழுதலாம். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது. எரிகிறது. அப்பா பந்து பொறுக்கும் வேலை பார்த்த அதே பயிற்சி மைதானத்தில், உனக்குப் பதினொன்று, எனக்குப் பதினைந்து, உன் பயிற்சியாளர் நம் இருவரையும் நிறுத்திப் பார்த்தாரே. இருபது பட்டில் நான் பதினேழு போட்டேன். நீ ஆறு. ஆனால் நீ ஓங்கி அடித்த பந்து வேலியைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. "பட்டிங் சொல்லிக் குடுத்துக்கலாம், இந்தத் தூரத்தைச் சொல்லிக் குடுக்க முடியாது" என்று சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். பத்தொன்பது வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறார் போலிருக்கிறது. பாடம் இன்னும் முடியவில்லை.

சளிக்கு வெந்நீர் குடி.

வயிற்றெரிச்சலோடும் அன்போடும்,
அக்கா


செப்டம்பர் 17, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்து எழுதுவது. மூக்கு சிவந்தது சளியால்தான். அழுகை மறுநாள்.

உன் கடிதத்தை வரவேற்பு மேசையில் இருந்த பெண் இரண்டு கையாலும் நீட்டினாள். ஓட்டலுக்குக் கடிதம் வந்து அவள் பார்த்ததே இல்லையாம். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்தில் கோபம் வந்தது, இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு வந்தது, பன்னிரண்டு மில்லிமீட்டரில் மறுபடி கோபம். உனக்கு டிவிக்குள் அளவுகோல் வைத்திருக்கிறார்களா?

ஆனாலும் செய்து பார்த்தேன். கம்பளத்தில் தண்ணீர் டம்ளரைப் படுக்கவைத்து, தினமும் இரண்டு மணி நேரம். குளியலறைத் தொட்டியில் துவைத்துக் காயப்போட்ட சட்டை சொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தைப் பந்து விழுந்த சத்தம் என்று நினைத்துப் பத்து தடவை தலையைத் தூக்கினேன். அப்புறம் பழகிவிட்டது. நேற்றுப் பயிற்சியில் ஐந்தடியில் ஆறு பட், ஆறும் உள்ளே! அக்கா, ஆறும்!

பயிற்சியாளரிடம் சொல்லவில்லை. போன மாதம்தான் முழங்கை, தோள்பட்டை என்று பெரிய பாடம் நடத்தினார். அவர் முகத்தை எதற்கு வாட வைக்க வேண்டும்?

என் நிலைமை உனக்குத் தெரிய வேண்டும். வருடாந்திரப் பட்டியலில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருடம் ஆட இடம். நான் இப்போது எழுபத்திரண்டு. மிச்சம் இரண்டு போட்டிகள். அறுபதுக்குள் வராவிட்டால் மறுபடி தகுதிச் சுற்று, அதிலும் தேறாவிட்டால் முப்பது வயதில் நான் யாருக்காவது கோல்ஃப் பை தூக்கப் போக வேண்டியதுதான். அதனால் திட்டு, ஆனால் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடு. பட்டிங்கில் உன் கண்தான் கண்.

மாமாவிடம் சொல், மரங்கொத்தி ஒன்பது தடவைதான் தட்டுகிறாள். நான் அவளோடு ஆடினேன், பக்கத்தில் நின்று எண்ணினேன்.

அன்புடன்,
வாத்து


செப்டம்பர் 30, திங்கள்

வாத்தே,

ஒன்பதாவது இடம்! இவ்வளவு நாளாக உன் பாதம் அகன்ற நடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், நேற்று நீ பதினெட்டாவது குழியின் கிரீன் புல்தரையை நோக்கி வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். உன் மாமாகூட விழித்திருந்தார். எழுதி வைத்துக்கொள், வரலாற்றில் இடம்பெற வேண்டிய நாள்.

கட்டைக்குரல் வர்ணனையாளர் என்ன சொன்னார் தெரியுமா? "இவங்களோட பட்டிங்ல ஒரு புதுத் தன்னம்பிக்கை தெரியுது." புதுத் தன்னம்பிக்கையாம். அது என் தன்னம்பிக்கைடி. ஐந்து நாளில் டம்ளரை வைத்துப் பழகிக்கொண்டாய், சரி. ஆனால் தலையைத் தூக்காதே என்று சொன்னது யார்? டிவிக்கு முன்னால் போய் நின்று "நான்தான், நான்தான்" என்று சொன்னேன். வர்ணனையாளர் கண்டுகொள்ளவில்லை.

இன்று கடைக்கு வந்த ஒரு பெண்மணிக்கு ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தேன். மாட்டியிருந்த டிவியில் உன் ஆட்டத்தை மறுபடி போட்டார்கள். "எவ்வளவு அழகா ஆடுது பாருங்க அந்தப் பொண்ணு" என்றார். "என் தங்கச்சிங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? சாயல் இல்லையே" என்றார். அவருடைய ஃபிரேமின் ஒரு காதை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக விட்டேன். கடைசியில் மனசு கேட்காமல் சரி செய்தும் கொடுத்தேன்.

கொக்கு இந்த முறை ஏழாவது. அவளுக்குக் கோபம் வந்தால் கையுறையைக் கழற்றி மாட்டுகிறாள், கவனித்தாயா? கடைசிப் போட்டியில் அவளோடு ஆட நேர்ந்தால் கையுறையைப் பார். கழற்றினால் அவள் அடுத்த பட்டை வலப்பக்கம் தவறவிடுவாள். மூன்று போட்டிகளாக எழுதி வைத்திருக்கிறேன்.

உனக்குப் பாடம்: பத்தடிக்கு மேல் உள்ள பட்டில் நீ இரண்டாவது தடவை சரிவைப் பார்க்கிறாய். வேண்டாம். முதல் பார்வைதான் சரி. சின்ன வயதில் நீ முதல் பார்வையிலேயே அடிப்பாய், படித்துக் கெட்டுப்போனாய்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன், கிரீனில் நீ பந்தை எடுத்து வைப்பது பற்றி. இப்போது வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதற்கு.

என்ன ஆனாலும் உன் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். பத்திரமாக, அலமாரிக்குள். வெளியே ஒட்ட இன்னும் மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

பெருமையும் மற்றதும் கலந்து,
அக்கா


அக்டோபர் 9, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னக் கடிதம்தான், நாளை காலை முதல் குழுவில் ஆட வேண்டும்.

பட்டியலில் இப்போது அறுபத்தாறு. இந்தக் கடைசிப் போட்டியில் முதல் ஐந்துக்குள் வந்தால் அறுபதுக்குள் நுழைந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கொக்குவின் கையுறையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதங்களைப் பையில், பந்துகளோடு வைத்திருக்கிறேன். பை தூக்குபவர் பார்த்துவிட்டு, "லவ் லெட்டரா?" என்று கேட்டார். "அதைவிட மோசம், அக்கா லெட்டர்" என்றேன்.

பயிற்சியாளர் என்னைத் தேர்ந்தெடுத்த அன்று, என் கையில் நீ ஒரு செல்லாக்காசைத் திணித்தாயே, ஓரத்தில் வெட்டு விழுந்த காசு, நீ பட்டிங் பழகும்போது, பந்தைத் துடைக்க எடுக்குமுன் அது இருந்த இடத்துக்கு அடையாளம் வைக்கிற காசு? இத்தனை வருடமாகக் கிரீனில் அதைத்தான் வைக்கிறேன். மற்றவர்கள் வெள்ளியில் பெயர் பொறித்ததெல்லாம் வைக்கிறார்கள். நீ என்னோடு வருகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை, இல்லையா?

போட்டி முடிந்ததும் பயிற்சி மைய அறைக்குப் போய்விடுவேன், மாதக் கடைசி வரை அங்கேதான். வேண்டிக்கொள்.

வாத்து


அக்டோபர் 12, சனி

அன்புத் தங்கைக்கு,

வாழ்த்துக்கள். மூன்றாவது நாள் முடிவில் இரண்டாமிடம், கொக்குவுக்கு ஒரே ஒரு ஷாட் பின்னால். எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பேட்டியையும் பார்த்தோம். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். மைக் பிடித்த பெண், "பட்டிங்ல திடீர்னு இவ்வளவு முன்னேற்றம், யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். நான் ஒலியைக் கூட்டினேன். நீ சிரித்தாய். "தனியா யாரும் சொல்லிக் குடுக்கல. நானா ஓட்டல் ரூம்ல பழகினதுதான்" என்றாய். பக்கத்தில் பயிற்சியாளர் உன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். நல்ல படம். நாளை பேப்பரில் வரும்.

உன் மாமா என்னைப் பார்த்தார். "உன்னைச் சொல்லுவான்னு நெனச்சேன்" என்றார். தூங்கியிருக்கக் கூடாதா அந்த மனிதர்?

நீ சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அறையும் உன்னுடையது, டம்ளரும் ஓட்டலுடையது. ஏணியை யார் பார்க்கிறார்கள், மாடியில் நிற்பவளைத்தானே பார்ப்பார்கள். முன்பு ஒரு தடவை உன் பயிற்சியாளர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோதும் இப்படித்தான் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் பதினைந்து. இப்போது முப்பத்து நாலு. சிரிப்பு இன்னும் நன்றாகவே வருகிறது.

நாளை நான் ஆட்டம் பார்க்க முடியுமா தெரியவில்லை. கடையில் வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாதே என்று கேட்பாய். ஆனாலும் வேலை இருக்கிறது.

அக்கா


அக்டோபர் 16, புதன்

அக்கா,

டிவியில் பார்த்திருப்பாய். பார்க்காவிட்டாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நானே சொல்கிறேன், சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நடுவர் என்னைக் கூப்பிட்டார். நீளமான மேசை, அதில் ஒரு கணினி, எனக்கு ஒரு நாற்காலி. சனிக்கிழமை பதினான்காவது குழியின் படத்தைப் போட்டுக் காட்டினார். நான் பந்துக்குப் பின்னால் காசை வைக்கிறேன், பந்தை எடுத்துத் துடைக்கிறேன், திருப்பி வைக்கிறேன். "இதுல என்னங்க?" என்று கேட்டேன். "திரும்பப் பாருங்க" என்றார். ஐந்து தடவை போட்டார். ஐந்தாவது தடவைதான் எனக்கே தெரிந்தது. காசைப் பந்துக்குப் பின்னால் வைக்காமல் கொஞ்சம் அடியில் நுழைத்து வைக்கிறேன். திருப்பி வைக்கும்போது பந்தைக் காசுக்கு முன்னால் வைக்கிறேன். பந்து குழியை நோக்கி ஒரு துளி நகர்ந்துவிடுகிறது.

அக்கா, சத்தியமாக நான் ஏமாற்றவில்லை. என் கை அப்படித்தான் வைக்கும். வேறு மாதிரி வைக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

"பந்து இருந்த இடத்துலேர்ந்துதான் ஆடணும். தெரியாமச் செஞ்சாலும் தப்பு தப்புதான்" என்றார். இரண்டு ஷாட் தண்டனை. மற்றக் குழிகளில் கேமரா அந்தக் கோணத்தில் இல்லையாம், இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும். யார் பார்த்தது என்று கேட்டேன். டிவி பார்த்த யாரோ, பெயர் சொல்லாமல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் எல்லாம் இந்த வழக்கத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குத்தான் அந்த முகவரி இன்னும் திரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுவர் அதைப் படித்தும் காட்டினார். "பந்தை எடுத்த பிறகு பார்க்காதீர்கள். காசை வைக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு முறையும் நான்கரை மில்லிமீட்டர் முன்னே போகிறது."

அப்புறம் போய் ஆடினேன். எப்படி ஆடினேன் என்று கேட்காதே, நன்றாகத்தான் ஆடினேன். கொக்கு கையுறையைக் கழற்றினாள், வலப்பக்கம் தவறவிட்டாள், நீ சொன்னபடியே. கடைசியில் நான் ஆறாவது. ஐந்தாவது வந்தவளுக்கும் எனக்கும் ஒரு ஷாட் வித்தியாசம். வருடாந்திரப் பட்டியலில் அறுபத்தொன்று.

அறுபத்தொன்று, அக்கா.

யாராக இருக்கும் என்று நினைக்கிறாய்? எனக்கு எழுது.

வாத்து


அக்டோபர் 21, திங்கள்

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் மாமா கடைக்குப் போகவேண்டாம் என்றார், போனேன். வீட்டில் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

யாராக இருந்தால் என்ன? வேலைவெட்டி இல்லாதவன் எவனோ. அடுத்தவள் வாழ்வது பொறுக்காத ஜென்மம். எந்தப் பாவி அந்தக் காரியத்தைச் செய்தானோ, அவன் கண் அவிந்து போகட்டும், கை விளங்காமல் போகட்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நவம்பரில் தகுதிச் சுற்று இருக்கிறது. உன் பட்டிங் இருக்கிறது. காசைப் பந்துக்கு நேர் பின்னால், தொடாமல் வைத்துப் பழகு. இரண்டு நாளில் வந்துவிடும். தலையைத் தூக்காதே என்றபோது வரவில்லையா?

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தால் நேரே வீட்டுக்கு வா. நான்கு நாள் இருந்துவிட்டுப் போ. உனக்கு உள்ளறையை ஒழித்து வைக்கிறேன். அலமாரியில் இருந்த உன் படத்தைக் கூடத்தில் ஒட்டிவிட்டேன், தெரியுமா?

எப்போதும் உன்,
அக்கா


அக்டோபர் 28, திங்கள்

அக்கா,

போன கடிதத்தை எழுதும்போதே எனக்குத் தெரியும்.

நடுவர் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கொஞ்சம் என்று எழுதியிருப்பார்கள், ஒரு விரல் என்று எழுதியிருப்பார்கள். நகர்ந்த பந்தை அரை மில்லிமீட்டர் வரைக்கும் சொல்கிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருத்திதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், கடைக்கு விடுப்புப் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

யாராக இருக்கும் என்று உன்னைக் கேட்டது உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான். "நான்தாண்டி" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் ரயிலேறி வந்து உன்னோடு சண்டை போட்டிருப்பேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி போட்டிருப்பேன். நீயோ எவனையோ சபித்து எழுதியிருக்கிறாய். உன் கண்ணையே சபித்து எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோதுதான் அழுதேன்.

தண்டனைக்காக எனக்குக் கோபமில்லை. தப்பான இடத்திலிருந்து ஆடினேன், அது உண்மை. அப்படிக் காசு வைக்க எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஏழு வயது. "இப்படி வச்சா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டப் போயிடலாம், யாருக்கும் தெரியாது" என்று உன் கையால் என் கையைப் பிடித்து வைக்கச் சொன்னாய். நான் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டேன். நீ செய்வதெல்லாம் முறை என்றுதான் நினைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் எழுதிய கடிதத்தில், பந்தை எடுத்து வைப்பது பற்றி ஒன்று எழுத நினைத்தேன், இப்போது வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்கு எழுத வேண்டிய வரியை நடுவருக்கு எழுதிவிட்டாய்.

பேட்டியில் உன்னைச் சொல்லாதது என் தப்பு. பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார், அவருக்குப் பயந்தேன். அறைக்கு வந்ததும் வெட்கமாக இருந்தது. அன்று மாலையே உட்கார்ந்து உனக்கு மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதி வைத்தேன், நாளை பேட்டி எடுத்தால் உன்னைத்தான் முதலில் சொல்வேன் என்று. காலையில் தபாலில் போடலாம் என்றிருந்தேன். காலையில் நடுவர் கூப்பிட்டார். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அனுப்பவும் போவதில்லை.

இத்துடன் உன் காசை வைத்திருக்கிறேன். நான் இப்போது வெறும் பிளாஸ்டிக் வில்லை வைத்துப் பழகுகிறேன்.

நாளை அறையைக் காலி செய்கிறேன். வீட்டுக்கு வரவில்லை. மாமாவிடம் எதுவும் சொல்லாதே, அவர் தூங்கட்டும். இந்த முறை ஓட்டல் பட்டியல் இல்லை.

தங்கை


நவம்பர் 23, சனி

வாத்தே,

நான்தாண்டி.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை உன் பேட்டி முடிந்து உனக்குக் கடிதம் எழுதி, அதைத் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நின்றபடியே அந்த மின்னஞ்சலை எழுதினேன். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அனுப்பினேன். கடையில் கை நடுங்காத ஆள் என்று எனக்குப் பெயர். அப்போதும் நடுங்கவில்லை. நினைத்துப் பார்த்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ தோற்க வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். ஒரே ஒரு நாள் நீ நின்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது முடியாது. உன்னை என் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது மட்டும் முடிந்தது.

நீ அனுப்பிய காசைக் கூடத்துக் கம்பளத்தில் வைத்துப் பார்த்தேன். என் கையும் அதைப் பந்துக்கு அடியில்தான் நுழைத்தது. அந்தப் பதினேழு பட்டும் நான் அப்படி வைத்துப் போட்டதுதான், உன்னிடம் மறைப்பானேன். இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பதினேழு! அளந்தும் பார்த்தேன். நான்கரை மில்லிமீட்டர்தான். அந்தத் துளி தூரத்தால் ஒரு பந்துகூடக் கூடுதலாகக் குழிக்குள் விழுந்திருக்காது. உனக்கு அதில் ஒரு ஷாட் லாபமில்லை, எனக்கும் இல்லை.

தகுதிச் சுற்றை டிவியில் காட்டவில்லை. உன் முகம் பார்க்காத போட்டி இதுதான் எனக்கு முதல். மூக்கு சிவந்திருக்கிறதா, சாப்பிட்டாயா, எதுவும் தெரியவில்லை. எண்கள் மட்டும் வந்தன. கடையில் வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு மூன்று நாளும் உள்ளே போய்ப் போய்ப் பார்த்தேன். முதல் நாள் இருபத்தேழு பட். இரண்டாம் நாள் இருபத்தெட்டு. காற்று அடித்திருக்க வேண்டும், எல்லாருக்குமே அன்று கூடியிருக்கிறது. மூன்றாம் நாள் இருபத்தாறு. இருபத்தாறு என்றால் நீ முதல் பார்வையிலேயே அடித்திருக்கிறாய். தலையைத் தூக்கவே இல்லை. என்னால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடிகிறது.

இன்று பட்டியல் வந்துவிட்டது. இருபது பேருக்கு இடம். நீ பதினொன்று.

உன்னிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றைப் பார்த்ததும் எனக்கு முதலில் வயிறுதான் எரிந்தது. அதற்கப்புறம்தான் சந்தோஷம் வந்தது. இரண்டும் வந்தன, ஆனால் அந்த வரிசையில்தான் வந்தன. உன் மாமாவைத் தட்டி எழுப்பி, "தேறிட்டா" என்றேன். "நீ ஏன் அழுவுற?" என்றார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். மறுபடி படுக்கவில்லை.

உறையில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன், எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. சமையலறைக் கதவில் அந்தப் பழைய ஓட்டல் பட்டியல் இன்னும் ஒட்டியிருக்கிறது. கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்துவிட்டேன். அதற்குக் கீழே கதவுதான் இருக்கிறது.

அக்கா